இலங்கையின் பழைய தலைநகரங்களும் கடலோர ஊர்களும்: சிங்கப்பூரிலிருந்து எட்டுப் பேர் வேனில் போய்வர ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறைக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து இலங்கைக்குப் போவது இப்போது நம்மவரிடையே சாதாரணம். நான்கு மணி நேரத்துக்குள் விமானம் கொழும்பைத் தொட்டுவிடும். அங்கும் வாகனம் இடப்பக்கமே ஓடும், பாதி ஊர்களில் தமிழ் பேசுவார்கள். இவ்வளவு எளிது என்பதாலேயே பலர் திட்டமிடாமல் கிளம்பி, ஆறு நாளில் பத்து ஊர் என்று ஓடிக் களைத்துத் திரும்புகிறார்கள். முதல்முறை போகும் குழுவுக்குத் தேவையானவற்றை வரிசையாகத் தருகிறோம்.

முதலில் மாதம், பிறகுதான் கரை

இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். அப்போது காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் கடல் கொந்தளிக்கும், மழையும் இருக்கும். அதே மாதங்களில் திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்குடா உள்ள கீழைக் கரை வெயிலாகவும் கடல் அமைதியாகவும் இருக்கும். வடகிழக்குப் பருவம் வந்ததும் இது தலைகீழாகும்: டிசம்பரிலிருந்து மார்ச் வரை தென்கரைதான் நல்லது, நிலாவெளியில் அலை அடித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே, ஜூன் விடுமுறை என்றால் கிழக்கு, ஆண்டிறுதி விடுமுறை என்றால் தெற்கு. இதை மாற்றிப் பதிவுசெய்துவிட்டு, கடலில் கால் நனைக்க முடியாமல் விடுதிக்குள் உட்கார்ந்திருக்கும் குழுக்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. படங்களைப் பார்த்து விடுதி பிடிப்பதால் வரும் வினை அது. ஆண்டிறுதியில் போவோர் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: நவம்பர், டிசம்பரில் வங்கக் கடல் புயல்கள் வரும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் பல மாவட்டங்களில் வெள்ளத்தையும் மலைநாட்டில் மண்சரிவையும் உண்டாக்கியது. இடிபாடுகள் உள்ள வடமத்திய சமவெளிக்கும் அந்த மாதங்களில்தான் நல்ல மழை. பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவையே எடுங்கள்.

ஜூனில் ஒரு பொறி உண்டு. பொசன் பௌர்ணமி பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர் மிஹிந்தலைக்கு வந்ததை நினைவுகூரும் நாள் அது. அந்த வாரம் அநுராதபுரத்திலும் மிஹிந்தலையிலும் நாடெங்கிலுமிருந்து பக்தர்கள் வந்து குவிவார்கள். சாலை அடைபடும், அறை கிடைக்காது. பௌர்ணமியின் தேதியைப் பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் மூன்று நாள் அந்த இரு ஊர்களையும் தவிர்த்துவிடுங்கள். பொதுவாகவே ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே பொது விடுமுறை, மதுக்கடைகள் மூடியிருக்கும்.

இந்தக் கட்டுரையின் மீதி, ஜூன் பயணத்தை வைத்து எழுதப்பட்டது.

எட்டுப் பேர் ஏன்

அங்கே சுற்றுலாவுக்கு ஓடும் வேன் டொயோட்டா ஹையேஸ். எல்லாரும் அதைக் 'கேடிஎச்' என்றே சொல்வார்கள். பத்துக்கு மேல் இருக்கை உண்டு என்று சொல்லி வாடகைக்குத் தருவார்கள். உண்மைதான், ஆனால் அது பெட்டி இல்லாத கணக்கு. எட்டுப் பேரின் எட்டுப் பெட்டிகளை அடுக்கினால் கடைசி வரிசை முழுவதும் போய்விடும். கூரை உயரமான கேடிஎச்சில் எட்டுப் பேர் வசதியாக உட்காரலாம், ஒன்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு போகலாம். பத்துக்கு மேல் போனால் கோஸ்டர் அல்லது ரோசா வகைச் சிறு பேருந்து வேண்டும். அது ஊருக்குள் உள்ள ஒடுக்கமான சாலைகளில் மெதுவாகத்தான் போகும், சில விடுதிகளின் வாசலுக்கே வராது. பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு வேன் எடுப்பதே எங்கள் யோசனை. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் ஒரு வேன் திரும்பலாம், மற்றது பயணத்தைத் தொடரலாம்.

பெட்டி ஆளுக்கு ஒன்று, நடுத்தர அளவு. கெட்டிப் பெட்டியைவிடத் துணிப்பை நல்லது, இருக்கும் இடத்துக்கேற்ப அமுங்கும். பெட்டிகளை வேனில் ஏற்றும்போது, அன்றிரவு திறக்க வேண்டியவை கதவோரம் வரட்டும். எட்டுப் பெட்டியையும் இறக்கி ஒன்றைத் தேடுவதில் தினமும் அரை மணி நேரம் வீணாகும்.

குழுவில் மூன்று பொறுப்புகளை முன்பே பிரித்துவிடுங்கள். நேரத்தையும் வழியையும் முடிவுசெய்பவர் ஒருவர், பொதுப்பணம் வைத்திருப்பவர் ஒருவர், பெரியவர்களின் மருந்தையும் குழந்தைகளையும் கவனிப்பவர் ஒருவர். எல்லாரிடமும் கேட்டு முடிவெடுப்பது பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் எட்டுப் பேரிடம் 'அடுத்து என்ன செய்யலாம்' என்று கேட்டுக்கொண்டிருந்தால் வெயில் ஏறிவிடும்.

கடப்பிதழும் அனுமதியும்

குழுவில் சிங்கப்பூர்க் குடிமக்களும், நிரந்தரவாசிகளும், இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை பார்ப்பவர்களும் கலந்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே விதி இல்லை. இலங்கையின் மின்பயண அனுமதி விதிகளும் கட்டணமும் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறின. அதனால் மூன்று வாரம் முன்பு, ஒவ்வொரு கடப்பிதழுக்கும் தனித்தனியாக, இலங்கைக் குடிநுழைவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் பாருங்கள். அதே போலத் தோன்றும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் வாங்கும், முகவரியைக் கவனியுங்கள். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். நிரந்தரவாசிகள் தங்கள் மறுநுழைவு அனுமதி காலாவதியாகவில்லையா என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேன் ஒப்பந்தம்: எல்லாம் எழுத்தில்

நாமே ஓட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். சிங்கப்பூர் உரிமமும் அனைத்துலக உரிமமும் மட்டும் போதாது, அங்கே தனியாக ஒப்புதல் பெற வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் சாலைதான். பேருந்துகள் எதிர்த்தடத்தில் முந்திக்கொண்டு வரும், ஆட்டோக்கள் திடீரென்று திரும்பும், நாயும் மாடும் நடுச்சாலையில் படுத்திருக்கும். ஓட்டுநரோடு எடுங்கள். அங்கே 'சாரதி' என்பார்கள்.

ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

வண்டியின் வகை, தயாரிப்பு ஆண்டு, பதிவு எண். கடைசி வரிசைக்கும் குளிர்சாதனக் காற்று வருகிறதா என்பதற்கு ஒரு சிறு காணொளி.
மொத்தக் கிலோமீட்டர் எவ்வளவு, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு. சில வாடகைகள் நாளுக்கு 100 கிலோமீட்டர் என்ற கணக்கில் வரும், நீண்ட பயண நாளில் அது மீறிவிடும். நாள்வாரியாக இல்லாமல் மொத்தமாகக் கணக்கிடக் கேளுங்கள்.
எரிபொருள், அதிவேகச் சாலைக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், ஓட்டுநரின் சாப்பாடு, தங்குமிடம் ஆகியவை யார் பொறுப்பு.
வண்டி பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று வண்டி வரும்.
மசாலாத் தோட்டம், மாணிக்கக்கல் கடை, மரச்சிற்பக் கடை எதிலும் நிறுத்த வேண்டாம் என்ற ஒரு வரி. ஓட்டுநருக்கு அங்கே தரகு கிடைக்கும் என்பதால் இதை முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

ஓட்டுநர் தங்கும் இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். விடுதி பிடிக்கும்போதே 'சாரதிக்கு அறை உண்டா' என்று கேளுங்கள். சில விடுதிகள் தரும், சில தராது. தராத இடத்தில் அவர் வேனிலேயே படுத்துவிட்டு, தூக்கமில்லாமல் மறுநாள் ஐந்து மணி நேரம் உங்கள் எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுவார். அவருக்கு நல்ல அறை கிடைத்தால்தான் உங்கள் பயணம் பாதுகாப்பானது.

பத்து நாள் வழி

கிலோமீட்டரை நம்பாதீர்கள், மணியை நம்புங்கள். அதிவேகச் சாலை இல்லாத இடங்களில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால்தான் சரியாக வரும்.

முதல் இரவு நீர்கொழும்பு. விமான நிலையம் இருப்பது கொழும்பில் அல்ல, கட்டுநாயக்கவில். நீர்கொழும்பு அதற்கு மிக அருகில் இருக்கிறது. கொழும்பு நகருக்குள் போய் மறுநாள் வெளியே வருவது வீண் அலைச்சல்.

இரண்டாம் நாள் காலை 6.30க்குக் கிளம்பி, சிலாபம், புத்தளம் வழியாக அநுராதபுரம். சுமார் 170 கிலோமீட்டர், ஓட்டம் மட்டும் நான்கு மணி நேரம். சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேசுவரம் சிவன் கோயில். கும்பிட்டுவிட்டு அங்கேயே காலை உணவையும் முடித்துக்கொள்ளலாம். அநுராதபுரத்தில் இரண்டு இரவு.

நான்காம் நாள் மிஹிந்தலை வழியாகச் சிகிரியா அல்லது ஹபரணை. மிஹிந்தலையில் 1840 படிகள் என்பார்கள். வேனை மேல் நிறுத்தம்வரை கொண்டுபோனால் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம், பெரியவர்களுக்கு அதுதான் நல்லது. சிகிரியாவிலும் இரண்டு இரவு. அங்கிருந்தே பொலன்னறுவைக்குப் போய்வரலாம், ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஆறாம் நாள் ஹபரணையிலிருந்து திருகோணமலை, 85 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே மூன்று இரவு. ஒன்பதாம் நாள் நீர்கொழும்புக்குத் திரும்பி, பத்தாம் நாள் விமானம்.

ஒரே ஊரில் இரண்டு இரவாவது தங்குவது சோம்பலால் அல்ல. தினம் ஊர் மாறினால் கட்டுவதும் அவிழ்ப்பதும், அறை எடுப்பதும் விடுவதுமாக ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரம் போய்விடும். குழு பெரிதாக ஆக இது கூடும். யாழ்ப்பாணத்தையும் இதில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நல்லூரும் நெடுந்தீவும் தனிப் பயணத்துக்கு உரியவை.

ஹபரணையைச் சுற்றியுள்ள சாலைகள் எல்லாம் யானைக் காடு. பொழுது சாய்ந்தபின் யானை சாலைக்கு வரும். மாலை ஆறு மணிக்குள் விடுதிக்குள் இருக்கும்படி அன்றன்றைய திட்டத்தை அமையுங்கள். வழியில் யானை நின்றால் இறங்கிப் படமெடுக்காதீர்கள், சோறு பழம் எதையும் நீட்டாதீர்கள்.

இடிபாடுகளை எப்படிப் பார்ப்பது

நமக்கு இயற்கையாகவே ஒரு வசதி இருக்கிறது. இலங்கை நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. சிங்கப்பூரில் காலை ஏழரைக்கு விழித்துப் பழகிய உடம்பு அங்கே ஐந்து மணிக்கே விழித்துக்கொள்ளும். முதல் நான்கைந்து நாள் இதை அப்படியே பயன்படுத்துங்கள். 6.30க்கு நடக்கத் தொடங்கி 10.30க்கு முடித்துவிடுங்கள். பிறகு குளியல், சாப்பாடு, தூக்கம். நான்கு மணிக்கு மேல் இன்னொரு நடை. நடுப்பகலில் தாதுகோபத் (பௌத்தத் தூபி) தளத்தின் கல் காலைச் சுடும். காலணியோடு தொப்பியையும் கழற்ற வேண்டும் என்பதால் தலைக்கும் காப்பு இருக்காது. பழைய தடித்த காலுறை இரண்டு சோடி ஆளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதோடு நடக்கலாம்.

உடை தோளையும் முழங்காலையும் மறைக்க வேண்டும், வெள்ளை இன்னும் நல்லது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை அங்கே பெரிய அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். புத்தர் உருவம் பச்சை குத்தியவர்கள் அதை மறைத்தே ஆக வேண்டும்.

நுழைவுச்சீட்டுதான் பெரிய செலவு. அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா மூன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. வெளிநாட்டவருக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 அமெரிக்க டாலர், சில இடத்தில் சற்றுக் கூட. எட்டுப் பேருக்கு மூன்று இடத்துக்கும் 720 டாலருக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்க் நாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. குழுவில் இந்தியக் குடிமக்கள் இருந்தால் அவர்கள் மூலக் கடப்பிதழையே எடுத்துவர வேண்டும். விடுதியில் வைத்துவிட்டு வந்தால் முழுக் கட்டணம்தான்.

அநுராதபுரம் பரந்து கிடக்கும் ஊர். நடந்து பார்க்க முடியாது, வேன் வேண்டும். சென்றடைந்த மாலையில், பெரிய சீட்டு தேவைப்படாத ருவன்வெலிசாயவுக்குப் போங்கள். வெள்ளைத் தாதுகோபத்தைச் சுற்றி விளக்கேற்றும் நேரம் அது. மறுநாள் அதிகாலை சீட்டு வாங்கி ஜேதவனாராமய, அபயகிரி, இரட்டைக் குளங்கள். ஜேதவனாராமய தாதுகோபம் மகாசேனன் என்ற அரசன் காலத்தில் தொடங்கியது, முழுவதும் செங்கல். கட்டியபோது 122 மீட்டர் உயரம், இப்போது 71 மீட்டர். அடிவாரத்தில் நின்று ஒரு செங்கல்லைப் பார்த்துவிட்டு மேலே அண்ணாந்து பாருங்கள், அளவு அப்போதுதான் பிடிபடும்.

பொலன்னறுவைதான் தமிழ் வாசகர் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம். 993இல் சோழர் அநுராதபுரத்தைக் கைப்பற்றியபின் தலைநகர் இங்கே வந்தது, ஜனநாதமங்கலம் என்று பெயரும் பெற்றது. வழிகாட்டிகள் பலர் கல் விகாரைக்கே நேராக அழைத்துப்போவார்கள். ஒரே பாறை முகத்தில் செதுக்கிய நான்கு உருவங்கள், படுத்த நிலையில் உள்ளது 14 மீட்டர் நீளம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வரைபடத்தில் 'சிவ தேவாலயம் எண் 2' என்று இருப்பதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சோழ அரசி ஒருவரின் பெயரால் அமைந்த வானவன் மாதேவி ஈச்சரம் அதுதான். சிறிய கோயில், முழுக்கக் கல். கருவறை, சிறு விமானம், அதன்மேல் சிகரம் என்று தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர்க் கோயில் ஒன்றைப் பார்ப்பதுபோலவே இருக்கும். சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும், அப்போது கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் வெறும் கல்லாகத்தான் தோன்றும்.

புத்தரின் பல்லை வைத்திருந்த மாளிகைகள் இருக்கும் நாற்சதுர மேடைக்குப் போனால், அவற்றில் ஒன்றான அட்டதாகே அருகில் ஒரு பெரிய கற்பலகை நிற்கும். வேளைக்காரர் எனப்பட்ட தமிழ்ப் படையினர் புத்தரின் பல்லுக்கோயிலைக் காப்பதாக ஏற்றுக்கொண்டு தமிழில் வெட்டிய கல்வெட்டு அது. குழந்தைகளைக் கூப்பிட்டு, அவர்களுக்குத் தெரிந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பழைய வடிவம்தான், ஆனாலும் இரண்டு மூன்று எழுத்தாவது பிடிபடும். கையால் தொட வேண்டாம்.

சிகிரியா, சுமார் 1200 படி. காசியப்பன் என்ற அரசன் ஐந்தாம் நூற்றாண்டில் பாறை உச்சியில் அரண்மனை கட்டிய இடம். காலை ஏழுக்கு முன் ஏறத் தொடங்கினால் இறங்கும்போதுதான் கூட்டம் எதிரே வரும். பாதி வழியில் சுவரோவியங்களுக்குச் சுழல் இரும்புப் படி, அங்கே படமெடுக்க அனுமதியில்லை. உயரத்துக்கு அஞ்சுபவருக்கு அந்தப் படிதான் சிரமம். முழங்கால் வலி உள்ளவர்கள் சிங்கப் பாதம் இருக்கும் தளத்தோடு நின்றுகொள்ளலாம், அதுவரை வந்ததே பெரிது. அங்கே குளவிக் கூடுகள் உண்டு. சத்தம் போடாதீர்கள் என்ற பலகையை உண்மையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் பையில் தின்பண்டம் வேண்டாம், குரங்கு பறித்துவிடும்.

திருகோணமலை

இங்கே வேகத்தைக் குறையுங்கள். பிரெடரிக் கோட்டைக்குள் நடந்து, புள்ளிமான்களைத் தாண்டி, பாறை முனையில் கோணேசுவரம். பழைய கோயிலைப் போர்த்துகீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள், இப்போது இருப்பது பின்னர் எழுந்தது. மாலைப் பூசைக்குப் போவது நல்லது.

நிலாவெளிக் கடலில் காலை நேரம் அமைதியாக இருக்கும். புறாத் தீவுக்குப் படகு அங்கிருந்துதான். அது தேசியப் பூங்கா, நுழைவுக் கட்டணம் தலைக்கும், வேறு சில கட்டணங்கள் குழுவுக்கும் படகுக்கும் என்று வரும். எட்டுப் பேரும் ஒன்றாகச் சீட்டெடுத்தால் ஆளுக்குக் குறையும். கரை முழுவதும் உடைந்த பவளத் துண்டு, செருப்பு நழுவும், காலைக் கிழிக்கும். பின்பட்டை உள்ள நீர்க் காலணி கட்டாயம். நீருக்குள் பவளத்தின்மேல் நிற்காதீர்கள், மிதித்தால் அது சாகும். உயிர்காப்பு உடை இல்லாத படகில் ஏறாதீர்கள். சிறு குழந்தைகள் அதிகம் உள்ள குழுவுக்கு நிலாவெளியைவிட, மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா பொருத்தம். அங்கே வெகு தூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான்.

பேச்சு நம்முடையதுதான், சொற்கள் கொஞ்சம் வேறு. ரொட்டிக்குப் 'பாண்', தேநீருக்குத் 'தேத்தண்ணி', பேசுவதற்குக் 'கதைக்கிறது'. வயதில் பெரியவரை ஐயா, அம்மா என்றும், மற்றவரை அண்ணன், அக்கா என்றும் கூப்பிட்டு 'நீங்கள்' என்றே பேசுங்கள். போர்க்காலம் பற்றி நாமாகத் துருவிக் கேட்கக் கூடாது. அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். இழப்பு இல்லாத வீடு அங்கே குறைவு.

சாப்பாடு, உடம்பு

மதியச் சோறு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள். பிறகு சிற்றூர்க் கடைகளில் கறி தீர்ந்துவிடும், மாலையில் கொத்தும் ஆப்பமும்தான். சைவம் சாப்பிடுபவர்கள் 'மரக்கறி' என்று சொன்னால் மட்டும் போதாது, 'மாசி போடாமல்' என்றும் சொல்ல வேண்டும். தேங்காய்ச் சம்பலிலும் சில நேரம் பருப்பிலும் மாசிக் கருவாட்டுத் தூள் இருக்கும், பார்வைக்குத் தெரியாது. தமிழ் ஊர்களில் 'சைவக் கடை' என்ற பலகையைத் தேடுங்கள்.

குடிக்கப் புட்டித் தண்ணீர். வாந்தி மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி, கொசு விரட்டி இவை வேனில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடாகச் சான்று பெற்றது, ஆனால் டெங்கி இருக்கிறது. அவசர மருத்துவ வண்டிக்கு 1990, காவல்துறைக்கு 119. இரண்டையும் எல்லார் கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள். புது விடுதிகளில் நம் மூன்று சதுர முனை ப்ளக் அப்படியே பொருந்தும், பழைய வீடுகளில் உருண்டை முனைத் துளை இருக்கும். மாற்றி இரண்டு எடுத்துச்செல்லுங்கள்.

பணமும் திரும்புதலும்

கிளம்பும் முன்பே ஆளுக்கு ஒரே தொகை பேநவ் மூலம் பொதுப்பணத்தில் சேரட்டும். சீட்டு, சாப்பாடு, படகு எல்லாம் அதிலிருந்து. சொந்தக் கடைச்செலவு அவரவருடையது. கணக்கு எழுதுபவர் அன்றன்றைக்கு இரவே எழுதிப் படமாகக் குழுவில் போட்டுவிட வேண்டும். வங்கி அட்டைகள் இருவரிடம், இரண்டு வேறு வங்கியுடையதாக இருக்கட்டும். சிற்றூரில் ஓர் இயந்திரம் அட்டையை ஏற்காவிட்டால் மற்றது கைகொடுக்கும்.

திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. குருநாகலில் நெரிசல் இருந்தால் ஏழும் ஆகும். நேராக விமானத்துக்கு ஓடாமல், முதல் நாளே வந்து நீர்கொழும்பில் தங்குங்கள். சாங்கிக்குத் திரும்புமுன் மூன்று நாளுக்குள் எல்லாரும் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. அந்தக் கடைசி மாலையில் எட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதை முடித்துவிடலாம். மிஞ்சிய பொதுப்பணத்தையும் அங்கேயே பிரித்துவிடுங்கள். ஓட்டுநருக்கான அன்பளிப்பை உறையில் போட்டு, விமான நிலைய வாசலில் பெட்டி இறக்கும் அவசரத்தில் அல்லாமல், அன்றிரவே குழுவின் மூத்தவர் கையால் கொடுக்கச் செய்யுங்கள்.